எதற்குப் பதிலாக எது? இதயத்துக்கு நல்ல சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்டிரால் என்பார்களே, அது) 158 என்று வந்த அன்று என் கையில் ஒரு தாளையும் கொடுத்து அனுப்பினார்கள். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள், நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் ‘சேர்க்க வேண்டியவை’, வலது பக்கம் ‘தவிர்க்க வேண்டியவை’. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், இடது பக்கம் ஐந்தாவது வரியில் ‘பாதாம், வால்நட்’ என்று இருக்கிறது, வலது பக்கம் கடைசி வரியில் ‘கொட்டை வகைகள்’ என்று இருக்கிறது. ஒரே தாளில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் பொருளை நான் சாப்பிடுவதா, தூக்கிப் போடுவதா?

அந்தக் குழப்பத்தில் தொடங்கி நான்கைந்து மாதம் படித்தும் சமைத்தும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒரு பொருளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ‘இது இதயத்துக்கு நல்லதா’ என்று கேட்டால் யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. அது தட்டில் எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால் பதில் சட்டென்று கிடைத்துவிடுகிறது. ஒரு பிடி வால்நட் மாலை பிஸ்கட்டின் இடத்தில் வந்தால் லாபம், அதே பிடி ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு டிவி முன்னால் வந்தால் 180 கலோரி கூடுதல், அவ்வளவுதான். ஆகவே கீழே எல்லாமே ஜோடி ஜோடியாகத்தான் வரும்.

உங்கள் எண் எது?

ஒப்பிட ஆரம்பிக்கும் முன் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இதயத்துக்கு நல்ல உணவு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் சமாசாரங்கள் இருக்கின்றன. எல்.டி.எல். கூடுதல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகைக் கொழுப்பைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு நார்ச்சத்து சேர்கிறது என்பது. பி.பி. கூடுதல் என்றால் உப்பு, பொட்டாசியம், உடல் எடை, மது. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் சுற்றும் இன்னொரு வகைக் கொழுப்பு) எகிறியிருக்கிறது என்றால் சர்க்கரை, மைதா, மறுபடியும் மது. டிரைகிளிசரைடு 300-ல் இருக்கும் ஒருவர் வெண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டு, அந்தத் தியாகத்துக்குப் பரிசாகத் தினமும் இரண்டு பெரிய டம்ளர் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் எண் அப்படியே இருக்கும், இல்லையென்றால் ஏறியிருக்கும். அவர் பட்டினி கிடந்ததெல்லாம் வீண். எனக்கு எல்.டி.எல். தான் முதல் பிரச்சினை, பி.பி. எல்லைக்கோட்டில். அதனால் என் கவனம் எண்ணெயிலும் உப்பிலும் அதிகம் போயிருக்கும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

வெண்ணெயா, எண்ணெயா, எந்த எண்ணெய்?

சண்டை அதிகம் நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம். நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரிக் குளிர்ந்தால் உறைந்துவிடும் பொருட்களில் அதிகம் இருப்பது) அதிகம் சாப்பிடச் சாப்பிட, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது, பிடிபடாத எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றுகிறது. அதன் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு (பெரும்பாலான திரவத் தாவர எண்ணெய்களில் அதிகம் இருப்பது) வந்தால் கல்லீரல் மறுபடி சுறுசுறுப்பாகிறது. உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். அமெரிக்க இதயச் சங்கம் இன்னும் கறார், 6 சதவீதத்துக்குள், அதாவது 13 கிராம்.

இந்த 13-ஐ ஒரு மேசைக்கரண்டியில் வைத்துப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. தேங்காய் எண்ணெயில் 11, 12 கிராம், ஒரே கரண்டியில் அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. அதே கரண்டியில் ஆலிவ் எண்ணெய் என்றால் 2 கிராம், எள்ளெண்ணெய் 2, நிலக்கடலை எண்ணெய் இரண்டுக்குச் சற்று மேல், சூரியகாந்தி ஒன்றரை, கனோலா ஒன்று. கலோரியில் எண்ணெய்களுக்குள் வித்தியாசமே இல்லை, எல்லாம் 120 சொச்சம்தான். விஷயம் முழுக்க எந்த வகைக் கொழுப்பு என்பதில் இருக்கிறது. எந்த முறையில் பிழிந்தாலும், எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

தேங்காய் எண்ணெய்க்காரர்கள் உடனே சொல்வது, ‘அது எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்டிராலையும் ஏற்றுகிறதே’ என்பது. ஏற்றுகிறதுதான். கூடவே எல்.டி.எல்.-ஐயும் ஏற்றுகிறது. எச்.டி.எல்.-ஐ மாத்திரை கொடுத்து உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை, அதனால் ‘நல்ல கொழுப்பு ஏறியது’ என்ற சந்தோஷத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. சுவைக்காக ஒரு தேக்கரண்டி ஊற்றுகிறீர்களா, ஊற்றுங்கள். அன்றாடச் சமையலுக்கு, எல்.டி.எல். கூடுதலாக இருப்பவருக்கு, என் ஓட்டு அதற்கு இல்லை.

ஆலிவ் எண்ணெய் விஷயத்தில் பேர் பெற்ற ஆய்வு ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட். 7,447 பேர், ஒரு குழுவுக்கு மத்தியதரைக் கடல் பாணிச் சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்கு அதே சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் கொட்டை வகைகள், மூன்றாவதுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு சுமார் 30 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியான இந்த ஆய்வை, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி என்று 2018-ல் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டார்கள். முடிவு கிட்டத்தட்ட அதேதான், என்றாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் ஆலிவ் எண்ணெய்க்குக் கொடி பிடிப்பது நியாயமில்லை. என் முடிவு: ஆலிவ் எண்ணெய் நல்லது, ஆனால் அது இல்லாவிட்டால் இதயம் காப்பாற்றப்படாது என்றெல்லாம் ஒன்றுமில்லை. நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எந்த எண்ணெயும் வெண்ணெயின் இடத்தில் வந்தால் எல்.டி.எல். இறங்கும். நம் நாக்குக்கும் சமையலுக்கும் ஒத்துப்போவது எதுவோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

‘அப்படியானால் எல்லாக் கொழுப்பையும் குறைத்துவிட்டால் என்ன?’ இதையும் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. கொழுப்பு எல்லாவற்றையும் மொத்தமாகக் குறைத்த குழுவில், எட்டு ஆண்டு கழித்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. நிறைவுறாத நல்ல கொழுப்பும் நிறைவுற்ற கெட்ட கொழுப்பும் சேர்ந்தே வெளியே போனால் லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. ‘கொழுப்பு நீக்கியது’ என்று அட்டையில் போட்டு, சுவைக்குச் சர்க்கரையைக் கொட்டிய பிஸ்கட்டின் கதையும் இதுதான்.

எண்ணெயின் வகையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அளவைப் பேசாமல் விட்டால் அது பாதிக் கதை. நான் எண்ணெய்ப் பாட்டில் மேல் மார்க்கரால் திறந்த தேதியை எழுதி வைத்தேன். நாங்கள் மூன்று பேர், வீட்டில் ‘கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறோம்’ என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஒரு லிட்டர் ஒன்பது நாளில் தீர்ந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம், வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 34 கிராம், அதாவது 300 கலோரி, கண்ணுக்கே தெரியாமல். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றியதும் அதே லிட்டர் பதினான்கு நாள் வந்தது. சமையல் முறை எதையும் மாற்றவில்லை, யாரும் சுவை குறைந்தது என்று சொல்லவும் இல்லை.

அட்டையில் ‘கொலஸ்டிரால் அற்றது’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து எண்ணெய் வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டிரால் எப்போதுமே கிடையாது, தண்ணீர்ப் பாட்டிலில் ‘எலும்பு அற்றது’ என்று போடுவது மாதிரிதான் அது. பார்க்க வேண்டியது டிரான்ஸ் கொழுப்பு (தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாவது) இருக்கிறதா என்பதை. இதில் மட்டும் ‘எதற்குப் பதிலாக’ என்று யோசிக்கவே வேண்டாம், எதன் இடத்தில் வந்தாலும் கேடுதான், எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும். டென்மார்க் 2003-லேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது, உலக சுகாதார நிறுவனம் 2018-ல் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து அழைப்பு விடுத்தது. பொருட்பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட’ என்ற சொல் கண்ணில் பட்டால் வைத்துவிட்டு நகருங்கள்.

நிறைவுற்ற கொழுப்புக் கணக்கில் ஒரு விதிவிலக்கு: சீஸ். அதே அளவு கொழுப்பை வெண்ணெயாகக் கொடுத்தும் சீஸாகக் கொடுத்தும் பார்த்த ஆய்வுகளில், சீஸ் எல்.டி.எல்.-ஐ அவ்வளவு ஏற்றவில்லை. ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவுபவர் சீஸுக்கு மாறினால் எல்.டி.எல். கணக்கில் சின்ன லாபம் உண்டு, ஆனால் உப்புக் கணக்கில் மாட்டிக்கொள்வார்.

உப்பு: குறைப்பதா, மாற்றுவதா?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 கிராம் என்றால் எவ்வளவு என்று தெரியாமலேயே இந்த எண்ணை நான் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சமையலறைத் தராசில் சின்னக் கிண்ணத்தை வைத்துத் தட்டிக் கொட்டிப் பார்த்தேன், தேக்கரண்டி தலைதட்டி நிரம்புவதற்குள் தராசு 5-ஐத் தாண்டிவிட்டது. காலை, மதியம், இரவு, நடுவில் கொறிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். உலக சராசரியே நாளைக்கு 10 கிராமுக்கு மேல்.

எண்ணெய்க்குச் செய்த அதே கணக்கு இங்கேயும் வேலை செய்யும். மூன்று பேர், ஆளுக்கு 5 கிராம், நாளைக்கு 15 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 66 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 38 நாளில் காலி, அதாவது ஆளுக்கு 9 கிராம் கிட்ட, அதுவும் பிரெட், சிப்ஸ், பாக்கெட் சூப், வெளியில் சாப்பிட்டது எதையும் சேர்க்காமல்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வீட்டில் கையைக் குறைப்பது. ஒரேயடியாகப் பாதியாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அப்புறம் பழைய அளவுதான் கரிக்கும். இரண்டாவது, பாக்கெட்டில் வருவதைக் குறைப்பது. பல நாடுகளில் சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டு வருகிறது, அப்படிச் சாப்பிடுபவர் மேசை மேல் இருக்கும் உப்புக் குடுவையை ஒளித்து வைத்துப் பிரயோஜனம் இல்லை. அட்டையில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் உப்புக்கு மேல் போனால் அதிகம், 0.3-க்குள் இருந்தால் குறைவு.

மூன்றாவது வழிதான் எனக்குப் புதிது, உப்பையே மாற்றுவது. சோடியம் குளோரைடில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் மட்டும் இதைக் கொடுத்துச் சுமார் ஐந்து ஆண்டு பார்த்தார்கள், 2021-ல் முடிவு வந்தது. சாதாரண உப்பு சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சமையலில் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை, டப்பாவில் இருந்த உப்பு மட்டும் மாறியது. ‘எதற்குப் பதிலாக எது’ என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இதை வாங்கும் முன் கட்டாயம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள். அவர்களுக்குப் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

பாறை உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: கிட்டத்தட்ட முழுக்க அதே சோடியம் குளோரைடுதான், நிறத்துக்காக வாங்குவதானால் வாங்கலாம்.

பொட்டாசியத்தை உப்பு டப்பாவில் தேடாமல் தட்டிலேயே தேடுவதும் உண்டு. காய்கறி, பழம், பயறு, கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் இவற்றை அதிகமாக்கிய டாஷ் என்ற உணவுமுறை 1997-ல் வெளிவந்த ஆய்விலேயே பி.பி.-யைக் குறைத்துக் காட்டியது. 2001-ல் உப்பையும் சேர்த்துக் குறைத்துப் பார்த்தபோது, வழக்கமான சாப்பாடும் அதிக உப்பும் சாப்பிட்டவர்களைவிட மேல் அளவு சராசரியாக 9 புள்ளி இறங்கியிருந்தது, பி.பி. ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களுக்கு 11-க்கு மேல். ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. பி.பி. எல்லைக்கோட்டில் இருப்பவர் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன், விலை உயர்ந்த எண்ணெய் அப்புறம் வரட்டும்.

வெள்ளைத் தானியத்துக்குப் பதிலாக

தீட்டாத முழுத் தானியம், தீட்டிய வெள்ளைத் தானியத்தைவிட நல்லது, இதில் பெரிய விவாதம் இல்லை. முழுத் தானியங்களுக்குள்ளும் எல்.டி.எல். விஷயத்தில் ஓட்ஸும் பார்லியும் ஒரு படி மேலே நிற்கின்றன, காரணம் அவற்றில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. கஞ்சி வைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அதுதான். குடலில் அந்தக் கொழகொழப்பு பித்தநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பித்தநீரைப் புதிதாகச் செய்ய கல்லீரலுக்குக் கொலஸ்டிரால் வேண்டும், அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் சேர்ந்தால் எல்.டி.எல். 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், காலையில் இரண்டு ஸ்பூன் தூவிக்கொள்வதெல்லாம் மனத்திருப்திக்குத்தான். பழ வாசனை போட்ட சின்னச் சின்னப் பொட்டலங்களில் வருவதில் சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது, வெறும் ஓட்ஸ் போதும்.

பிரெட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பழுப்பு நிறத்தைக் காய்ச்சிய சர்க்கரையாலேயே வரவழைக்கலாம். மொத்த மாவுச்சத்து 10 கிராமுக்கு நார்ச்சத்து 1 கிராமாவது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பழுப்பரிசி பிடிக்காதவர்கள் (நானும்தான், மூன்று வாரம் மென்று மென்று தாடை வலித்தது) வெள்ளை அரிசியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் வேகவைத்த பயறை வைக்கலாம். நாளைக்கு 130 கிராம் வேகவைத்த பயறோ கடலையோ சேர்த்தால் எல்.டி.எல். 5 சதவீதம் இறங்குவதாக 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014-ல் சொன்னது. ஓட்ஸ் தரும் அதே பலன், அதுவும் பிடிக்காத எதையும் மெல்லாமல்.

மீன், முட்டை, கோழி, இறைச்சி

இங்கே எனக்கு ஆச்சரியமாக இருந்தது கோழி. சிவப்பு இறைச்சியை விட்டுவிட்டுக் கோழிக்கு மாறினால் கொலஸ்டிரால் இறங்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் நிறைவுற்ற கொழுப்பின் அளவைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டபோது, சிவப்பு இறைச்சிக்கும் கோழிக்கும் எல்.டி.எல்.-இல் வித்தியாசமே இல்லை, பயறு மாதிரித் தாவரப் புரதம் சாப்பிட்டபோதுதான் இறங்கியது. அதற்காகத் தோல் நீக்கிய கோழியும் கொழுப்பு வரிவரியாக ஓடும் இறைச்சியும் ஒன்று என்று ஆகாது, நிஜத் தட்டில் கொழுப்பின் அளவு சமமாக இருக்காதே. பதப்படுத்திய சாசேஜ், பேக்கன் இறைச்சி வகைகள் மட்டும் எந்த ஒப்பீட்டிலும் ஜெயித்து நான் பார்க்கவில்லை, உப்பும் நிறைவுற்ற கொழுப்பும் கைகோத்து வருகின்றன.

முட்டை மஞ்சளில் 185 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான், எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றுவது இரண்டாவதுதான். சாப்பாட்டில் வரும் கொலஸ்டிராலுக்குத் தகுந்தபடி கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலானவர்களிடம் நடக்கிறது. நாளைக்கு ஒன்று சாப்பிடுவதால் ஆரோக்கியமானவர்களுக்கு இதய நோய் கூடுவதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், எல்.டி.எல். மிகவும் கூடியவர்கள் மட்டும் எண்ணிக்கையை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். முட்டையை வெண்ணெயில் பொரித்து, பக்கத்தில் பேக்கனும் வைத்துவிட்டு, பழியை முட்டை மேல் போடக் கூடாது.

மீனில் மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் மாதிரிக் கொழுப்பு மீன்களில்தான் ஒமேகா-3 என்ற நிறைவுறாக் கொழுப்பு அதிகம், வாரம் இரண்டு முறை போதும். எண்ணெயில் மூழ்கடித்துப் பொரித்தால் சாப்பிட்டது மீனா, பொரித்த எண்ணெயா என்று சொல்வது கஷ்டம். சுறா, வாள்மீன் மாதிரிப் பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். மீனுக்குப் பதிலாக மாத்திரை? 25,871 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது, சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை நாளைக்கு ஒரு கிராம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் சேர்ந்த கணக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. மீன் சாப்பிடும்போது இறைச்சி ஒன்று தட்டிலிருந்து வெளியே போகிறது, மாத்திரை எதையும் வெளியே தள்ளுவதில்லை. சைவக்காரர்கள் ஆளி விதையும் வால்நட்டும் சாப்பிடலாம், உடல் அதிலிருந்து மீன் வகை ஒமேகா-3-ஆக மாற்றுவது கொஞ்சம்தான், என்றாலும் அந்த விதைகளுக்குத் தனியாகவே மதிப்பு உண்டு.

பூண்டு பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். பச்சைப் பூண்டு, பூண்டுத் தூள், பதப்படுத்திய பூண்டுச் சாறு மூன்றையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த 2007 ஆய்வில் எல்.டி.எல். அசையவில்லை. ருசிக்குப் போடுங்கள்.

குடிப்பது

330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரையை முடிந்தால் நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு கேனிலேயே தாண்டிவிட்டோம். வீட்டில் பிழிந்த ஜூஸும் அந்தக் கணக்கில்தான் வரும், ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு ஆரஞ்சு போகிறது, நார்ச்சத்து குப்பைக்குப் போகிறது. பழமாக மூன்று ஆரஞ்சை உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாவதிலேயே போதும் என்றாகிவிடும்.

காபியில் எதிர்பாராத ஒரு விஷயம்: தூளைக் கொதிக்கவிட்டு அப்படியே இறக்கிக் குடிக்கும் காபியில் எல்.டி.எல்.-ஐ ஏற்றும் ஓர் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, காகித வடிகட்டி அதைப் பிடித்துவிடுகிறது. தினமும் ஐந்தாறு கப் குடிப்பவர், எல்.டி.எல். ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் இதையும் பார்க்கலாம். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பழைய கதையை உலக இதயக் கூட்டமைப்பு 2022-ல் வெளிப்படையாகவே மறுத்துவிட்டது.

முழுத் திட்டமாக எடுப்பதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா?

பெயர் வைத்த உணவுமுறைகளில் மூன்றை ஒப்பிட்டால் போதும். பி.பி.-க்கு டாஷ். மொத்தத்தில் மாரடைப்பு அபாயத்துக்கு மத்தியதரைக் கடல் பாணி. எல்.டி.எல்.-க்கு மட்டும் குறிவைத்தது போர்ட்ஃபோலியோ என்ற முறை, கரையும் நார்ச்சத்து, சோயா மாதிரித் தாவரப் புரதம், கொட்டைகள், தாவர ஸ்டீரால் (கொலஸ்டிரால் உடலில் சேர்வதைக் குறைக்கும் தாவரப் பொருள்) நான்கையும் சேர்த்தது. 2003-ல் டொரண்டோவில் ஒரு மாதம் சாப்பாடு முழுவதையும் தயார் செய்து கொடுத்துப் பார்த்தபோது எல்.டி.எல். சுமார் 29 சதவீதம் இறங்கியது, ஸ்டாடின் என்ற கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31. படித்ததும் மாத்திரை வேண்டாம் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 2011-ல், சாப்பாடு கொடுக்காமல் ஆலோசனை மட்டும் கொடுத்து ஆட்களை அவரவர் வீட்டில் விட்டபோது, ஆறு மாதத்தில் இறங்கியது 13 சதவீதம் அளவுதான். உணவு அதேதான், ஆனால் வீட்டில் குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று சமைப்பவர் ஒருவர்தானே.

அதனால் என் தேர்வு, முழுத் திட்டத்தில் குதிக்காமல் மாதத்துக்கு ஒரு மாற்றம். முதலில் வெண்ணெயும் பாமாயிலும் வெளியே, திரவ எண்ணெய் உள்ளே, அதுவும் அளந்து. அடுத்து அரிசியில் மூன்றில் ஒரு பங்கின் இடத்தில் பயறு. மூன்றாவது, மாலை பிஸ்கட்டுக்குப் பதிலாக உப்புப் போடாத கொட்டை ஒரு பிடி, அதாவது 30 கிராம், மேலே சொன்ன தாளின் இடது பக்கம்தான் ஜெயித்தது. உப்பு இதற்கெல்லாம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதைச் சாப்பாட்டை நம்பி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் கண்டிப்பாக. இன்னும் இரண்டு எச்சரிக்கை: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை ஒரேயடியாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். சில ஸ்டாடின் மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் மாதிரியான பழம்) ஒத்துப்போகாது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

மூன்றாவது மாற்றமும் பழக்கமான பிறகு மறுபடி ரத்தம் கொடுத்தேன், எல்.டி.எல். 136. கணக்குப் போட்டால் 14 சதவீதம் குறைவு, அந்த ஆய்வில் ஆலோசனையோடு வீட்டில் விடப்பட்டவர்கள் மாதிரியேதான் நானும். போதவில்லை என்றுதான் மருத்துவரும் சொன்னார், இன்னொரு மூன்று மாதம் பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார். உப்புப் பாக்கெட் இந்த முறை 51 நாள் வந்தது. 66-க்கு இன்னும் 15 நாள் பாக்கி.